அவரைக்கொட்டைத் தீவும் புளியங்கொட்டைத் தீவும்

12 ஜூன் 2025

இன்னைக்கு மானம் போச்சு. எழுதி வெச்சா கொஞ்சம் ஆறும்னு எழுதறேன்.

காலைல சாமந்தி மூட்டை ரெண்டையும் தருமபுரி பஸ்ஸுல ஏத்திட்டு, ஜன்னல் ஓரமா உக்காந்து கண்ண மூடினேன். தூங்கல. பிளேன்ல போறதா நெனச்சுக்கிட்டேன், அவ்வளவுதான். கீழ கடலு. மேகம் பஞ்சு பஞ்சா ஜன்னல ஒரசிட்டுப் போவுது. பெரியாம்பட்டிகிட்ட வண்டி ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுச்சு. கண்ணத் தொறக்காமயே, "ஏங்க, தரை எறங்கப் போவுதா?"ன்னு சத்தமா கேட்டுட்டேன்.

கண்டக்டர் நஞ்சப்பன் பக்கத்துலதான் நின்னிருக்கான். "இன்னும் நேரமிருக்குது மாதக்கா, பெல்ட்ட அவுத்துராதீங்க"ன்னான். பஸ்ஸு முழுக்க சிரிப்பு. பின்சீட்டுல ஒரு பெரியவரு, "காப்பி குடுப்பாங்களா?"ன்னு வேற கேக்கறாரு.

கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேரக் கிண்டல் பண்ணாம எனக்கு சோறு எறங்காது. இன்னைக்கு நானே வசமா மாட்டினேன். பூ மார்க்கெட்டு வரைக்கும் தலை நிமிரல.

எல்லாம் எம் பொண்ணு அன்பரசியால வந்தது. நர்ஸ் படிச்சவ. மாலத்தீவுல ஒரு குட்டித் தீவு ஆஸ்பத்திரியில வேலை கெடச்சு ஆர்டர் வந்துடுச்சு. அந்தத் தீவோட பேரு என் வாயில நுழையல. மேப்புல பாத்தா அவரைக்கொட்டை மாதிரி இருந்துச்சு, அவரைக்கொட்டைத் தீவுன்னே வெச்சுட்டேன். அதுக்கும் ஒரு ஏர்போர்ட்டு இருக்குதாம். கொட்டை மேல நகத்தால ஒரு கோடு கிழிச்சாப்ல தெரியுது.

இந்த டைரி உரக்கடைல ஓசில குடுத்தது. அஞ்சாவதோட நின்னவ நான். எழுத்து கோணினா கோணட்டும். படிக்கப் போறதும் நான்தான.

14 ஜூன்

அன்பரசி கறாரா சொல்லிட்டா. "கல்யாணம் பண்ணிக்கறேன். ஆனா நான் அங்க, அவரு இங்கன்னு போன்லயே குடும்பம் நடத்த மாட்டேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது மூஞ்சியப் பாக்கணும்." பக்கத்து வூட்டு அக்கா புருசன் துபாயில, பொண்டாட்டி இங்க. அதப் பாத்து வளந்தவ இவ.

தரகர் ஒரு வரன் கொண்டாந்தாரு. தமிழ்ச்செல்வன். தீர்த்தமலைப் பக்கம். மாலத்தீவுலயே வேற ஒரு குட்டித் தீவுல ஜெனரேட்டர் வேலை. ஊருக்கே கரண்டு குடுக்கற மோட்டாராம். போட்டோவுல நல்லாத்தான் இருக்காரு. காது ரெண்டு மட்டும் பிளேன் றெக்கை மாதிரி. "இவரு டிக்கெட் எடுக்கத் தேவையில்ல, குதிச்சா போதும்"னேன். அன்பரசி மொறைச்சா. மொறைச்சான்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.

அவரு தீவு புளியங்கொட்டை மாதிரி. அதுக்கும் ஒரு ஏர்போர்ட்டு. ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்? நேரா ஜெராக்ஸ் கடை சசிகலாகிட்டப் போயி நின்னேன். ரெண்டு ஏர்போர்ட்டு பேரையும் போன்ல தட்டினா. வந்துடுச்சு! விமான தூரம் அறுபத்தொரு கிலோமீட்டர். பயண நேரம் முப்பத்தஞ்சு நிமிஷம்.

"அடியே சசி, நம்ம பஸ்ஸு தருமபுரி போற நேரம்கூட இல்லடி!"

"ஆமாக்கா. நஞ்சப்பன் பீடி குடிக்க நிறுத்தறதச் சேத்தா இன்னும் ஜாஸ்தி."

பெரிய எழுத்துல பிரிண்டு போட்டுக் குடுத்தா. வூட்டுக்கு வந்து அன்பரசி கையில குடுத்தேன். ரெண்டு தடவ படிச்சா. "அங்க வெள்ளிக்கிழமை லீவும்மா. காலைல வந்தா சாயங்காலம் போயிடலாம்"னா. சொல்லும்போதே கண்ணு எங்கியோ போயிடுச்சு. அவ கண்ணுல தண்ணி பளபளன்னு தெரிஞ்சுது. கடல் தண்ணியத்தான் சொல்றேன்.

22 ஜூன்

நிச்சயம் முடிஞ்சுது. கால் வலி. ஆனா மனசு பறக்குது.

மாப்பிள்ளை லீவுல வந்திருந்தாரு. நேர்ல காது அவ்வளவு மோசமில்ல. ரொம்ப அடக்கம். காப்பி டம்ளரக் கீழ வெக்கறப்பகூட சத்தம் வராம வெக்கறாரு. அன்பரசி உள் ரூமுல பூ வெச்சுட்டிருந்தா.

தட்டு மாத்தினதும் நான் அந்த பிரிண்டு பேப்பர எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். "பாத்துக்கங்க! நம்ம காரிமங்கலத்துல இருந்து தருமபுரி போற நேரம். பொண்ணு ஒரு தீவு, மாப்பிள்ளை ஒரு தீவு, நடுவுல முப்பத்தஞ்சு நிமிஷம். வாராவாரம் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வந்து நிப்பாரு!"

மாப்பிள்ளை எந்திரிச்சாரு. "அத்தை, அங்க பிளேன் தினமும் எல்லாம்…"

"பிளேன் இல்லன்னா நீந்தி வாங்க மாப்பிள்ளை! எம் பொண்ணு கரையில துண்டோட நிப்பா!"

கூரை பறக்கற மாதிரி சிரிச்சாங்க. சம்பந்தி ஜானகியம்மாளுக்கு புரையேறிடுச்சு. மாப்பிள்ளையும் சிரிச்சாரு. காது ரெண்டும் செவந்துடுச்சு. உக்காந்துட்டாரு.

போறப்ப மாட்டுக் கொட்டாய் பக்கம் வந்து, "அத்தை, ஒரு நிமிஷம்"னாரு. "என்ன மாப்பிள்ளை, பைக்கு கேக்கப் போறீங்களா? தீவுல எங்க ஓட்டுவீங்க?"ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேன்ல ஏறிட்டாரு. பாவம், வெக்கம்.

23 ஜூன்

அவரு என்ன சொல்ல வந்திருப்பாரு? — சும்மா, நன்றி சொல்லத்தான் இருக்கும்.

1 ஜூலை

பூப்பறிக்க விடியறதுக்கு முன்னாடியே தோட்டத்துக்குப் போனேன். பனியா புகையா தெரியல, தரை மேல வெள்ளையா ஒன்னு படுத்திருந்துச்சு. மலைக்கோயில் உச்சி மட்டும் மேல தெரியுது. பார்த்துட்டே நின்னுட்டேன்.

நம்ம ஊரு பூரா தண்ணி நெறஞ்சுட்டா எப்படி இருக்கும்? ராகிக் காடு, புளியமரம், ஹைவே, டோல்கேட்டு, எல்லாம் தண்ணிக்குள்ள போயிடுது. அடியில லாரிங்க சத்தமில்லாம மீனு மாதிரி போவுது. மேல மொட்டு மொட்டா பாறை மலைங்க மட்டும். எங்க மலை ஒரு தீவு. அந்தாண்ட தீர்த்தமலை ஒரு தீவு. நடுவுல பச்சைத் தண்ணி. அதுக்கு மேல ஒரு சின்ன பிளேன், தும்பி கணக்கா, ங்ங்ங்னு போவுது. ஜன்னல்ல ரெண்டு காது.

"ஏம்மே, நின்னுக்கிட்டே தூங்கறியா?" எங்க வூட்டுக்காரரு, காளியப்பன், பால் சொம்போட நிக்கறாரு.

"ஊரெல்லாம் தண்ணி வந்துட்டா எப்படி இருக்கும்னு பாத்தேங்க."

"மோட்டார் போட வேண்டியதில்ல"ன்னுட்டுப் போயிட்டாரு. இந்த மனுசனுக்கு நான் வாக்கப்பட்டு இருவத்தாறு வருஷம்.

நான் கடலைப் பாத்ததில்ல. ஒகேனக்கல் பாத்திருக்கேன், கிருஷ்ணகிரி டேம் பாத்திருக்கேன். அது ரெண்டையும் ஒட்டி, அந்தக் கரைய அழிச்சுட்டாக் கடலு. அப்படித்தான் வெச்சிருக்கேன் மனசுக்குள்ள.

9 ஜூலை

பெங்களூர் ஏர்போர்ட்டுல ஏத்தி விட்டோம். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நிறுத்திட்டாங்க. அன்பரசி திரும்பித் திரும்பிப் பாத்தா. நான் சிரிச்சுக்கிட்டே கைய ஆட்டினேன். அவ மறைஞ்சதும் எங்க வூட்டுக்காரரு துண்டை எடுத்து நீட்டினாரு. அவரு கண்ணத் தொடைக்கப் போறாருன்னு பாத்தா, எனக்கு நீட்டறாரு.

13 ஜூலை

பேசினா. தண்ணி என்ன நிறம்னு கேட்டேன். "கிளிப்பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவுலம்மா. அந்த நிறத்துல பட்டு கெடச்சா கல்யாணத்துக்கு எடுக்கலாம்"னா. தீவ சுத்தி நடந்து வர ஒரு குயர் சாமந்திச் சரம் கட்டற நேரம்தான் ஆகுமாம். நாயே இல்லியாம் அங்க. ராத்திரி அலை சத்தம், மழை பெய்யுது போலன்னு எந்திரிச்சு துணி எடுக்க ஓடினாளாம் முதல் நாளு.

"மாப்பிள்ளை எப்ப வராரு?"

"இந்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கேம்மா. பாக்கலாம்னாரு."

18 ஜூலை, வெள்ளி

இன்னைக்குக் காலைல பஸ்ஸுல உக்காந்ததும் கண்ண மூடிட்டேன். நான் இங்க கெளம்பறேன், அவரு அங்க கெளம்பறாரு. பெரியாம்பட்டி வந்துச்சு, அவரு பாதிக் கடலுல. என் பஸ்ஸு பைபாஸுல திரும்புது, அவரு பிளேன் அவரைக்கொட்டை மேல ஒரு வட்டம் அடிக்குது. நான் மூட்டைய எறக்கறேன், அவரு படியில எறங்கறாரு. எம் பொண்ணு நிக்கறா. காத்துல துப்பட்டா பறக்குது.

நஞ்சப்பன் கேட்டான், "எந்த ஊருல எறங்கினீங்க மாதக்கா?" "உனக்கு விசா இல்ல, சொல்ல மாட்டேன்"னேன்.

பூவுக்கு நல்ல விலை. சாயங்காலம் வரைக்கும் அவ போன் வரல. ரெண்டு பேரும் பேசிட்டிருப்பாங்க. நடுவுல நம்ம எதுக்கு?

19 ஜூலை

இப்பதான் அன்பரசி போன்ல பேசினா. எழுதறேன்.

அவரு வரல.

அன்பரசி கிளிப்பச்சை சுடிதாரப் போட்டுக்கிட்டு ஏர்போர்ட்டுல போயி நின்னிருக்கா. ஒரு பிளேன் வந்துச்சாம். எறங்கினவங்கள்ல தெரிஞ்ச மூஞ்சி ஒன்னுமில்ல. அங்க வேலை பாக்கறவருகிட்ட, அந்தத் தீவு பிளேன் எத்தன மணிக்குன்னு கேட்டிருக்கா. அவரு இன்னும் ரெண்டு பேரக் கூப்பிட்டு, இந்தப் பொண்ணு என்ன கேக்குது பாருங்கன்னு சிரிச்சாராம்.

பிளேனே கெடையாதாம். அந்தத் தீவுக்கும் இந்தத் தீவுக்கும் நடுவுல எந்தக் காலத்துலயும் ஓடினதில்லியாம். மாப்பிள்ளை வரணும்னா மேல தலைநகரத்துக்குப் போவணும். அங்க ராத்தங்கணும். மறுநாள் வேற பிளேன்ல கீழ வரணும்.

"காரிமங்கலத்துல ஏறி, மெட்ராஸ் போயி, அங்கயிருந்து தருமபுரி வர மாதிரிம்மா."

"படகுல வந்தா?"

"நடுவுல பெரிய கடலு. இந்த மாசமெல்லாம் விட மாட்டாங்களாம்."

"அப்ப அந்த முப்பத்தஞ்சு நிமிஷம்?"

"அது மேப்புல கோடு போட்டு அளந்த கணக்கும்மா. எந்த ரெண்டு ஏர்போர்ட்டக் கேட்டாலும் ஒரு நேரம் சொல்லும். பிளேன் ஓடுதான்னு அது பாக்காது."

அழுவான்னு பாத்தேன். அழல. அதுதான் பயமா இருக்குது. "மூணு வருஷமா அங்க இருக்காரு. அவருக்குத் தெரியாதா? பாக்கலாம் பாக்கலாம்னு என்னை நிக்க வெச்சாரே. இதை மறைச்சவரு இன்னும் என்னென்ன மறைப்பாரோ. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா."

நான் என்ன சொன்னேன்? "சரி, சாப்பிட்டியா?"ன்னு கேட்டேன்.

20 ஜூலை

அவரு மறைக்கல. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

22 ஜூலை

ஜானகியம்மாள் போன் பண்ணாங்க. "சம்பந்தி, உங்க பொண்ணு எம் பையன் போன எடுக்க மாட்டேங்குதாம். அவன் சோறு தண்ணியில்லாம கெடக்கறானாம். என்னங்க ஆச்சு?"

சொன்னேன்.

"அவன் அன்னைக்கே சொல்லணும்னுதாங்க துடிச்சான். ரெண்டு தடவ உங்ககிட்ட வந்தானாமே. வேன்லயும் எங்கிட்ட சொன்னான், அம்மா, அவங்க தப்பா நெனச்சுட்டிருக்காங்கன்னு. நான்தான் அடக்கினேன். பொண்ணு குடுக்கற வூட்டுல, நாலு பேரு முன்னால, அத்தைகாரிய எதிர்த்துப் பேசினான்னு பேரு வந்துடக் கூடாதேன்னு. நிச்சயம் பண்ணின அன்னைக்கே அவங்க பேச்சப் பொய்யாக்கறதான்னு. எம் மேலயும் தப்பு இருக்குதுங்க."

உங்க மேல இல்ல சம்பந்தின்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள, "நீந்தி வாங்கன்னீங்களே, அதுக்கு நானும்தான சிரிச்சேன்"னாங்க.

23 ஜூலை

பஸ்ஸுல கண்ண மூடல. ரோட்டோரம் மாங்கா மண்டி, பஞ்சர் கடை, ஆடு. எல்லாம் இருக்கற எடத்துலயே இருந்துச்சு.

"என்ன மாதக்கா, இன்னைக்கு பிளேன் ரத்தா?"ன்னான் நஞ்சப்பன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவனே பயந்துபோயி, "ஒடம்பு சரியில்லியா?"ன்னு தண்ணி பாட்டில் குடுத்தான்.

நாளைக்கு சொல்லிடணும் அவகிட்ட.

24 ஜூலை

சொல்லல. மாடு கன்னு போட்டுச்சுன்னு பேசினேன். கன்னு நெத்தியில வெள்ளையா ஒரு மச்சம், தீவு மாதிரி. இதையும் சொன்னேன். வாய் எங்கெங்கியோ போவுது, அங்க மட்டும் போக மாட்டேங்குது. கிண்டல் பண்றதுக்கு எவ்வளவு வாய் எனக்கு!

"சொல்லிட்டியா?"ன்னு எங்க வூட்டுக்காரரு கேட்டாரு. இல்லன்னேன். "கன்னு நாளைக்கும் இருக்கும்"னாரு.

25 ஜூலை

சொல்லிட்டேன்.

"அன்பு, அவரு மறைக்கல. ரெண்டு தடவ சொல்ல வந்தாரு. நான் விடல. ஒரு தடவ நீந்தி வாங்கன்னேன். ஒரு தடவ பைக்கு வேணுமான்னேன். பாவம், அந்த மனுசன் வாயத் தொறக்கறப்பல்லாம் நான் சிரிப்ப எடுத்து அடைச்சுட்டேன்."

போன்ல அவ கதவச் சாத்தற சத்தம் கேட்டுச்சு.

"நீந்தி வாங்கன்னது எனக்கும் கேட்டுச்சும்மா"ன்னா. "உள்ள பூ வெச்சுட்டிருந்தேன். அவரு பேசினது கேக்கல. நீ பேசினது மட்டும் கேட்டுச்சு. நானும் சிரிச்சேன்."

அப்புறம் அவளே கேட்டா.

"ஆனா அதுக்கு அப்புறம் எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? ஒரு மாசம் போன்ல பேசினாரே."

"அத நீ அவரத்தான் கேக்கணும்."

"போன்ல கேக்க மாட்டேன். எம் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும். அப்புறம் யோசிக்கறேன்."

"எப்படிடி வருவாரு?"

"எனக்குத் தெரியாது."

26 ஜூலை

மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டேன். எல்லாம் சொன்னேன். தப்பு எம்மேலதான்னேன். அவ நேர்ல வரச் சொல்றான்னேன்.

"சரிங்க அத்தை."

"சரிங்க அத்தைன்னு சொல்லாதீங்க மாப்பிள்ளை. ரெண்டு திட்டாவது திட்டுங்க."

"சரிங்க அத்தை."

இந்தப் பையன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

ஒகேனக்கல் போனோம், வேன் புடிச்சு. ஆத்துல தண்ணி செம்மண்ணா நொரைச்சுக்கிட்டுப் போவுது. பொம்பளைங்க எல்லாம் மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டாங்க. நான் கரையில உக்காந்து தண்ணியவே பாத்துட்டிருந்தேன். இதெல்லாம் எங்க போவுது? கடலுக்குத்தான. கடலுக்குப் போயி, சுத்தி, அந்த ரெண்டு கொட்டைக்கு நடுவுலயும் ஒரு நாள் போவுமா இருக்கும். ஒரு கை சாமந்திய விட்டேன். சுழல்ல சுத்திச்சு, சுத்திச்சு, அப்புறம் போயிடுச்சு. மஞ்சளா ஒரு புள்ளி. அப்புறம் அதுவும் இல்ல.

கண்ண மூடினா ஒருத்தரு நீந்திக்கிட்டு வராரு. காது ரெண்டும் தண்ணிக்கு மேல.

சிரிப்பு வந்துச்சு. அழுவையும் வந்துச்சு. மீனு வறுவல் நல்லா இருந்துச்சு.

9 ஆகஸ்ட்

ஒரு சேதியும் இல்ல. அன்பரசி வேலையப் பத்திப் பேசறா, மழையப் பத்திப் பேசறா. நானும் கேக்கல. கேக்காம இருக்கறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு சாமிக்குத்தான் தெரியும்.

16 ஆகஸ்ட்

வந்துட்டாரு! நேத்து வெள்ளிக்கிழமை, வந்துட்டாரு!

கூட வேலை பாக்கறவருக்கு ரெட்டை ஷிப்டு குடுத்துட்டு, வியாழக்கிழமை மேல தலைநகரத்துக்குப் போயி, அங்க ஏர்போர்ட்டு பெஞ்சுலயே படுத்து, நேத்து காலைல அவரைக்கொட்டையில எறங்கியிருக்காரு. சின்ன பிளேனாம், ஊஞ்சல் ஆட்டினாப்ல ஆட்டிடுச்சாம். "பச்சையா வந்து எறங்கினாரும்மா. என் சுடிதார் நிறத்துக்கு இருந்தாரு"ன்னு சொல்றா. கிண்டல் பண்றா! எம் பொண்ணு கிண்டல் பண்றா!

ஆனா அதே பிளேன்லயே திரும்பிப் போவணும். அத விட்டா அடுத்தது திங்கக்கிழமை, அங்க ஜெனரேட்டருக்கு ஆள் இல்ல. பிளேன் ஆள எறக்கி, ஆள ஏத்தற வரைக்கும்தான் நேரம். ஏர்போர்ட்டு வெளிய ஒரு மரத்தடியில பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தாங்களாம்.

"எவ்வளவு நேரம்டி?"

"முப்பத்தஞ்சு நிமிஷம்."

கிண்டல் பண்ண வாயத் தொறந்தேன். மூடிட்டேன்.

"என்ன சொன்னாரு?"

"மொதல்ல தண்ணி குடிச்சாரு. அப்புறம் சொன்னாரு: நான் அப்பவே சொல்லியிருக்கணும், சொன்னா நீ வேணாம்னுடுவியோன்னு பயந்துட்டேன். இப்ப சொல்றேன், நீ நூறு தடவ கூப்பிட்டா அஞ்சு தடவதான் என்னால வர முடியும். அஞ்சு தடவையும் வந்துடுவேன். அவ்வளவுதாம்மா சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"எலுமிச்சைச் சோறு கட்டிட்டுப் போயிருந்தேன். அவரால சாப்பிட முடியல. டப்பாவோட குடுத்தனுப்பிட்டேன்."

"டப்பாவத் திருப்பித் தரணுமில்ல?"

"ம். தரணுமில்ல."

போன வெச்சுட்டு தோட்டத்துக்குப் போனேன். வெயிலு. சாமந்தி எல்லாம் தலைய ஆட்டிட்டு நிக்குது, ஒரே மஞ்சக் கடலு. நடுவுல எங்க வூட்டுக்காரரு களை வெட்டிட்டிருக்காரு, ஒரு கருப்புத் தீவு. சொன்னேன் அவருகிட்ட. மம்மட்டிய ஊனிக்கிட்டு நின்னாரு. "அந்தப் பையனுக்கு நீச்சல் தெரியுமா?"ன்னாரு. நான் சிரிச்ச சிரிப்புல கன்னுக்குட்டி மெரண்டு ஓடிச்சு.

17 ஆகஸ்ட்

பஸ்ஸுல கண்ண மூடினேன். நஞ்சப்பன் பைபாஸ் திருப்பத்துல மெதுவா, "எறங்கப் போறோம்"னான்.

5 அக்டோபர்

டப்பாவத் திருப்பித் தர மாப்பிள்ளை போயிட்டு வந்தாராம். டப்பாவுல புளியங்கொட்டைத் தீவு கிளிஞ்சல் நெறைய. இந்த வாட்டி மூணு நாளு இருந்தாராம். ஆஸ்பத்திரி டாக்டரு வூட்டுல படுக்கை.

அவரைக்கொட்டைத் தீவு கரண்டு ஆபீசுல ஒரு இடம் காலியாவப் போவுதாம். எழுதிப் போட்டிருக்காரு. வந்தா வரட்டும். நான் யாருகிட்டயும் சொல்லல. சசிகலாகிட்டகூட சொல்லல. நேரம், தூரம், ஒன்னும் சொல்றதில்லன்னு வெச்சிருக்கேன்.

20 நவம்பர்

தை மாசம் தீர்த்தமலையில கல்யாணம். கிளிப்பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவுல ஒரு பட்டு, சேலத்துல தேடிப் பிடிச்சேன். கடைக்காரன் அதுக்கு மயில் கழுத்துன்னு பேரு சொன்னான். வூட்டுக்குக் கொண்டாந்து விரிச்சுப் பாத்தேன். கைய வெச்சா ஈரமா இருக்கும் போல இருந்துச்சு.

12 ஜனவரி 2026

இன்னைக்கு அவங்க வந்தாங்க. ரெண்டு பேரும் ஒன்னாவே, அவரைக்கொட்டையில இருந்தே. போன மாசம்தான் மாப்பிள்ளைக்கு அங்க மாத்தல் ஆச்சு. தலைநகரம் ஒரு பிளேன், பெங்களூர் ஒரு பிளேன், அங்கிருந்து ரயிலு. பத்து மணிக்கு தருமபுரி ஸ்டேஷன்ல நிப்போம்மான்னு சொல்லியிருந்தா.

பொங்கல் சமயம், பூவுக்கு விலை ஜாஸ்தி. பனியில நின்னு ரெண்டு மூட்டை பறிச்சேன். நஞ்சப்பன் வண்டி போயிடுச்சு. பின்னால வந்த சேலம் வண்டில மூட்டைய ஏத்திட்டு உக்காந்தேன். கண்ண மூடினேன்.

கீழ கடலு. மேகம் பஞ்சு பஞ்சா. எம் பக்கத்து சீட்டுல அன்பரசி, அந்தாண்ட காது. நான் நடுவுல இல்ல, ஓரமா, ஜன்னல் பக்கம். ரொம்ப நேரம் பறந்தோம். எவ்வளவு நேரம்னு யாரும் கேக்கல.

முழிச்சப்ப மலை ரோட்டுல வண்டி எறங்கிட்டிருந்துச்சு. தொப்பூர். "தருமபுரி தருமபுரின்னு நாலு தடவ கத்தினேன்மா"ன்னாரு கண்டக்டர். பதறிப்போயி அங்கயே எறங்கிட்டேன். எதிர்பக்கம் ஒரு லாரி கவுந்து ரோடு அடைச்சுக் கெடந்துச்சு. அப்புறம் ஒரு வண்டி வந்து, ஏறி, தருமபுரி ஸ்டேஷன் போயி சேந்தப்ப மணி ஒன்னு.

ரெண்டு பேரும் சிமெண்டு பெஞ்சுல உக்காந்து கொய்யாப்பழம் தின்னுட்டிருந்தாங்க. ரயிலு நேரத்துக்கு வந்துடுச்சாம்.

மாப்பிள்ளை எந்திரிச்சு நின்னாரு. "வாங்க அத்தை"ன்னாரு. அப்புறம் ரொம்ப அடக்கமா, "காரிமங்கலத்துல இருந்து நேரா வண்டி இல்லீங்களா அத்தை?"ன்னு கேட்டாரு.

அன்பரசி கொய்யாப்பழத்தக் கீழ போட்டுட்டு சிரிச்சா. நான் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டேன். நாப்பத்தேழு வருஷத்துல முதல் தடவ.

அப்பதான் மூட்டை ஞாபகம் வந்துச்சு. சாமந்தி ரெண்டு மூட்டையும் அந்த பஸ்ஸுலயே இருக்குது. இந்நேரம் சேலம் போயிருக்கும். அது நேரா போற வண்டி.